மலையில் கம்ப்யூட்டர்: கேபினட், ஃபேன், எஸ்எம்பிஎஸ் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை நீலகிரி வாசகர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். சமவெளிக்குச் சொல்லும் பதில் மலையில் அப்படியே பொருந்துவதில்லை. கீழே வெயிலும் தூசியும் செய்கிற சேதத்தை மேலே ஈரமும் கரண்ட்டும் செய்கின்றன.

கேள்வி: ஊட்டியில் வீடு. புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். "இந்தக் குளிருக்கு ஃபேனே தேவையில்லை" என்கிறார் கடைக்காரர். "மேலே காற்று மெலிசு, ஏழு ஃபேன் போடு" என்கிறான் தம்பி. யார் பேச்சைக் கேட்பது?
– கல்லூரி மாணவர், ஊட்டி

இருவரும் பாதி சரி. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் காற்றோடு ஒப்பிட்டால் அங்கே ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில்தான் சுற்றும், அதே கன அளவைத்தான் தள்ளும். ஆனால் அந்தக் காற்று சுமந்துபோகிற சூடு குறைந்துவிடும். தம்பி சொல்வது இதைத்தான்.

எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கேபினட்டுக்குள் 350 வாட் சூடு உண்டாகிறது, உள்ளே இருக்கும் காற்று அறையைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இதற்கு நிமிடத்துக்குச் சுமார் 64 கன அடி காற்று போதும். ஊட்டியில் சுமார் 78 வேண்டும். 140 மி.மீ. ஃபேனின் அட்டைப்பெட்டியில் 70, 80 கன அடி என்று போட்டிருக்கும். அது எதிரே தடையே இல்லாதபோது அளந்தது. வடிகட்டியும் கம்பி வலையும் குறுக்கே வந்தால் பாதி தேறினாலே பெரிது. அதனால் முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க 140 மி.மீ. ஃபேன் இரண்டு, பின்பக்கம் வெளியே தள்ள 120 மி.மீ. ஒன்று. இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏழு ஃபேன் போட்டால் ஏழு மடங்கு காற்று வராது. உள்ளே நுழைகிற காற்றுதான் வெளியே போகிறது, இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்ப்பதுதான் பலரும் செய்கிற தவறு. அந்தப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டர் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) போடுங்கள், ஏன் என்று அடுத்த பதிலில் வருகிறது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சர்வர் அறைகளுக்கான ஆஷ்ரே (குளிரூட்டல் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கம்) வழிகாட்டுதலில், 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அறை வெப்ப வரம்பில் 1 டிகிரி கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஊட்டிக்கு அது நான்கரை டிகிரி. உங்கள் அறை 18 டிகிரியில் இருந்தால் கம்ப்யூட்டருக்கு அது 22, 23 மாதிரி. சென்னையில் ஏசி இல்லாத அறை 33-ஐ எளிதாகத் தொடும். ஆக, காற்று மெலிந்ததால் இழப்பதைவிடக் குளிரால் கிடைப்பது அதிகம். ஆனால் ஃபேனே இல்லாவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டு தான் கக்கிய சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் அந்தக் குளிர் உள்ளே வந்தால்தானே பயன்!

ஃபேனைத் திருகும்போது ஒன்றைக் கவனியுங்கள். குறுக்குச் சட்டம் தெரிகிற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன் ஃபேனில் அந்தச் சட்டம் கேபினட்டின் உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும், பின் ஃபேனில் வெளிப்பக்கம். புதிதாக அசெம்பிள் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: குன்னூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். போட்டோ, கல்யாண வீடியோ எடிட்டிங். கோர் ஐ5 12400எஃப், ஆர்டிஎக்ஸ் 3060, 32 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, இரண்டு ஹார்ட் டிஸ்க். கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசமாகத் தருகிறார்கள். போதுமா? எப்படிப்பட்ட கேபினட் எடுக்கலாம்?
– ஸ்டுடியோ உரிமையாளர், குன்னூர்

இலவச எஸ்எம்பிஎஸ் வேண்டாம். கடையிலேயே அதைத் திருப்பி, பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 450-ஐ விட்டுவிட்டு, 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கேபினட்டோடு வருகிறவற்றில் அது 14, 16 என்று இருப்பது சகஜம். 16-ஐ 12-ஆல் பெருக்கினால் 192 வாட். ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சோறு போடுவது இந்த 12 வோல்ட்தான். மீதி வாட் எல்லாம் 3.3, 5 வோல்ட்டில் சும்மா கிடக்கும். ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ் என்றால் 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் அளவுக்காவது இருக்கும்.

இனி உங்கள் தேவை. 12400எஃப் முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட் வரை இழுக்கும். பெட்டியில் இருக்கும் 65 வாட் என்பது அடிப்படை அளவு மட்டுமே. 3060-க்கு 170. மதர்போர்டுக்கும் ராமுக்கும் 45 என்று வையுங்கள். ஹார்ட் டிஸ்க் ஓடும்போது ஆளுக்கு 8 வாட்தான், ஆனால் ஆன் செய்த முதல் சில நொடிகள் தட்டைச் சுழலவைக்க ஒவ்வொன்றும் 20 வாட்டுக்கு மேல் கேட்கும். எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 15. மொத்தம் 365-ஐ ஒட்டி வருகிறது. கிராஃபிக்ஸ் கார்டு சில மில்லி நொடிகளுக்குத் தன் அளவைத் தாண்டி இழுக்கும் என்பதால் இதற்கு மேல் இடம் விட வேண்டும். என்விடியாவே 3060-க்கு 550 வாட் சொல்கிறது. மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத் தரும் ‘80 பிளஸ்’ சான்றில் பிரான்ஸ் (வெண்கலம்) தரம் உள்ள 550 வாட் வாங்குங்கள். அதற்கு மேலான கோல்டு தரம் வாங்கினால் நல்லதுதான். கரண்ட் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் அந்தத் தரத்தில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகங்கள்) பொதுவாக மேலானவை. 750, 850 எல்லாம் உங்களுக்கு வீண்.

லேபிளில் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். இன்புட் 100–240 வோல்ட் என்று இருக்க வேண்டும். 200–240 என்று இருந்தால் மலைக்கு வேண்டாம், வோல்டேஜ் இறங்கினால் தாங்காது. பின்னால் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் கையிலேயே எடுக்காதீர்கள். அது பழைய வடிவமைப்பு; யாராவது தெரியாமல் 115-க்குத் தள்ளிவிட்டு நம் 230-ஐக் கொடுத்தால் ‘டப்’ என்ற ஒரே சத்தத்தில் கதை முடிந்துவிடும். அடுத்தது, சிலவற்றில் மலை படம் போட்டு 2000 மீ. என்று எழுதியிருக்கும். காற்று மெலியும்போது மின்பொறி தாண்டுவது எளிதாகிறது. உள்ளே கம்பிகளுக்கு இடையே விட்ட இடைவெளி அந்த உயரம் வரைக்கும் கணக்கிட்டது என்று அர்த்தம். குன்னூர் 1,850 மீட்டர்தான், உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஊட்டிக்காரர்கள் 5000 மீ. என்று குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

கேபிளில் கஞ்சத்தனம் கூடாது. 3060-க்குப் பெரும்பாலும் ஒரு 8 பின் கனெக்டர் வேண்டும்; அது 150 வாட் வரை தரும், மீதியைக் கார்டு செருகும் ஸ்லாட் தந்துவிடும். அந்த 8 பின் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வர வேண்டும். ஹார்ட் டிஸ்க் கனெக்டரிலிருந்து மாற்றித் தரும் சின்ன அடாப்டரைச் செருகினால் பிளாஸ்டிக் உருகும். ப்ராசஸருக்கான 8 பின்னும் இதுவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மின்முனைகள் நேரெதிர். நுழையவில்லை என்றால் அமுக்காதீர்கள்.

கேபினட்டுக்கு வருவோம். முன்பக்கம் முழுவதும் வலையாக இருக்க வேண்டும். பளபளவென்று கண்ணாடி வைத்து, ஓரத்தில் விரல் அகலத்துக்குப் பிளவு விட்டிருப்பதை வாங்கினால், உள்ளே எத்தனை ஃபேன் மாட்டினாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரிதான். அளவுகளில், கிராஃபிக்ஸ் கார்டின் நீளத்துக்கு கேபினட் தரும் எண்ணிலிருந்து முன் ஃபேனின் தடிமன் 25 மி.மீ. கழித்துப் பாருங்கள். ப்ராசஸர் மேல் மாட்டும், 120 மி.மீ. ஃபேன் வைத்த கோபுர கூலர் 150 முதல் 160 மி.மீ. உயரம் வரும், கேபினட் குறிப்பில் அதற்கான இடம் 165-ஆவது இருக்கட்டும். எஸ்எம்பிஎஸ் 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், ஆழம் 140-லிருந்து தொடங்கும், கேபிள் வளைய இன்னொரு 50 மி.மீ. விடுங்கள். ஹார்ட் டிஸ்க் வைக்கும் கூண்டும் அதே தளத்தில் இருப்பதால் உங்களுக்கு இந்த இடம்தான் இடிக்கும்.

கீழே பொருத்தும் எஸ்எம்பிஎஸ் தரைப்பக்கமிருந்து காற்றை இழுக்கும். மலை வீடுகளில் தரையில் கம்பளம் விரிப்பது வழக்கம். அதன் மேல் கேபினட்டை வைத்தால் அந்த வாய் அடைபடும். அரையடி உயர மரப்பலகை மேல் வையுங்கள்.

கேள்வி: காலையில் கீசர் போட்டதும் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. எஸ்எம்பிஎஸ் மாற்றியும் சரியாகவில்லை. ஸ்டெபிலைசர் வைக்கலாமா?
– இல்லத்தரசி, கோத்தகிரி

3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் எங்கோ தள்ளி இருந்து, உங்கள் வீட்டுக்கு வரும் ஒயர் மெலிதாகவோ நீளமாகவோ இருந்தால், மொத்தத் தடை ஒன்றரை ஓம் என்றாலே 20 வோல்ட் வழியிலேயே போய்விடும். காலையில் ஊரே கீசர் போடும் நேரம். ஏற்கெனவே 195-ல் இருந்த வோல்டேஜ் 175-க்கு இறங்கும். 200–240 என்று எழுதிய எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காது. நீங்கள் மாற்றியதும் அதே ரகமாக இருந்திருக்கலாம், லேபிளைப் பாருங்கள். 100–240 உள்ளது 175-ஐக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ரிலே (தானே மாறும் ஸ்விட்ச்) வைத்த ஸ்டெபிலைசர் வேண்டாம். அது ‘டக்’ என்று மாறும் அந்தக் கணத்தில் கரண்ட் விட்டுப்போகும். எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்ததைக் கொண்டு தாக்குப்பிடிப்பது முழுச் சுமையில் 16, 17 மில்லி நொடிதான். ஃபிரிட்ஜுக்கு அது ஒரு பொருட்டில்லை, கம்ப்யூட்டருக்கு அதுவே ரீஸ்டார்ட்.

யூபிஎஸ் வையுங்கள். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதியது பெரும்பாலும் 360 வாட்டுக்கு மேல் தராது. 1000 விஏ என்றால் 600 வாட். சாதாரண அலுவலக வேலைக்குச் சின்னது போதும். 100–240 வகை எஸ்எம்பிஎஸ்களில் சில, கரடுமுரடான அலை தரும் மலிவு யூபிஎஸ்ஸில் கரண்ட் போன அந்த நொடி அணைந்துவிடும். வாங்கியதும் ஒரு முறை வேலை எதுவும் திறந்து வைக்காமல் சுவர் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கடையில் மாற்றி, சீரான அலை தரும் சைன் வேவ் வகையாக எடுங்கள். மார்கழிக் குளிரில் யூபிஎஸ் பேட்டரி தன் அளவில் பத்துப் பதினைந்து விழுக்காடு குறைவாகத்தான் தரும், அது பழுதில்லை.

ஒரு எச்சரிக்கை. கீசர் போடும்போது சில விளக்கு மங்கி, வேறு சில விளக்கு பிரகாசமாகிறதா? மும்முனை இணைப்புள்ள வீட்டில் அப்படி நடந்தால் நியூட்ரல் கழன்றிருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு உடனே மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அப்போது கம்ப்யூட்டர் மட்டுமில்லை, வீட்டில் இருக்கிற எல்லாமே போகும்.

கேள்வி: கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது. எர்த் இல்லாத வீடு. ஆபத்தா?
– வாசகர், ஊட்டி

எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இல்லாவிட்டால் உடல் பாதி வோல்டேஜில், அதாவது 115-ஐ ஒட்டி மிதக்கும். கசிவு மிகக் குறைவு என்பதால் ஜிவ்வென்பதோடு நிற்கிறது. ஆனால் அதே நிலையில் யூஎஸ்பி, எச்டிஎம்ஐ கேபிள் செருகினால் போர்ட் போய்விடலாம். உள்ளே உண்மையான ஷார்ட் வந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை. பாறை நிலத்தில் எர்த் குழி எடுப்பது சிரமம் என்று சொல்லி, பிளக்கிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டித் தருகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்ய விடாதீர்கள். ஒயர் மாறினால் கேபினட் முழுக்க 230 வோல்ட். ஈரம் தங்கும் மண் பக்கமாகப் பார்த்து முறையான எர்த் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆடி மாத மழையில் வீட்டுக்குள் மேகமே வந்துபோகும். இரண்டு மாதம் பூட்டிவைத்த கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்ததும் வந்தது. கேபினட்டுக்குள் சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு வைக்கலாமா?
– ஆசிரியர், கூடலூர்

மூடியே இல்லாத பாத்திரத்தில் உப்பைப் போட்டு வைத்து மழையில் நீர்க்காமல் இருக்கச் சொல்கிற மாதிரி இது. கேபினட் நாலாபக்கமும் ஓட்டை. சிலிகா ஜெல் ஊர்க்காற்றின் ஈரத்தை எல்லாம் குடித்து ஓரிரு நாளில் நிரம்பிவிடும். மூடி இறுக்கமான டப்பாவில் லென்ஸோடு போடுங்கள், அங்கே அது வேலை செய்யும்.

கேபினட்டுக்கு மருந்து சூடுதான். 18 டிகிரியில் 95 விழுக்காடு ஈரம் இருக்கும் காற்றை 23-க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 70-க்கு இறங்கிவிடும். காற்றிலிருக்கும் நீர் குறையவில்லை, அதைத் தாங்கும் சக்தி கூடியிருக்கிறது. பூஞ்சை பிடிப்பதும் உலோகம் பச்சை பூப்பதும் அந்த அளவுக்குக் கீழே அவ்வளவாக நடக்காது. சும்மா ஓடும் கம்ப்யூட்டர் 40 வாட் அளவில் எரிக்கும், உள்ளே அந்த ஐந்து டிகிரி தானாக வந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் தினமும் இரண்டு மணி நேரமாவது ஓடவிடுங்கள். சாரல் அடிக்கும் சுவரிலிருந்து அரையடி தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், துணி போதும்.

ரப்பரால் தேய்ப்பது எல்லாரும் செய்வது. அதில் தங்க முலாம் தேய்கிறது, ரப்பர்த் தூள் ஸ்லாட்டுக்குள் விழுகிறது. 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் தொட்டுத் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள். நெடுநாள் பூட்டிவைத்ததை நேராக ஆன் செய்யவும் வேண்டாம். பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபேன் காற்று ஒரு மணி நேரம் படவிடுங்கள்; காற்றே ஈரமாக இருக்கும் நாளில், பக்கத்தில் 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டு மூன்று மணி நேரம் கழித்து ஆன் செய்யுங்கள். தேதி மாறிக்கொண்டே இருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: டீ ஃபேக்டரி அலுவலகம். தூள் சலிக்கும் இடத்துக்குப் பக்கத்து அறை. மூன்று மாதத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் சூடாகி நிற்கிறது. தினமும் கம்ப்ரஸர் காற்று அடிக்கிறோம்.
– கணக்கர், மஞ்சூர்

அந்தக் கம்ப்ரஸர் காற்றை முதலில் நிறுத்துங்கள். அதில் நீர்த்துளியும் எண்ணெயும் கலந்து வரும்.

டீத்தூளை மூன்று விழுக்காடு ஈரம் வரை உலர்த்தித்தான் சலிக்கிறீர்கள். அவ்வளவு காய்ந்த பொருள் காற்றில் ஈரத்தைக் கண்டால் விடாது. பறக்கும் அந்த நாரும் தூளும் ஹீட்சிங்க்கின் (ப்ராசஸரின் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) இடுக்கில் போய் உட்கார்ந்து, ஈரம் குடித்து, கம்பளித் துணி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுற்றும், காற்று மட்டும் போகாது. ஹீட்சிங்க்கின் மேலிருந்து ஃபேனைக் கழற்றினால்தான் அந்தப் படலம் தெரியும்.

பில் போடவும் கணக்குப் பார்க்கவும்தான் என்றால் கேபினட்டே வேண்டாம். ஃபேன் இல்லாத மினி கம்ப்யூட்டர், 15 வாட்டுக்குள் ஓடும் ப்ராசஸர், இதுதான் எங்கள் முதல் யோசனை. மெலிந்த காற்றில் ஃபேன் இல்லாதவை இன்னும் கொஞ்சம் சிரமப்படும் என்பதால் அதன் மேல் ஃபைலை அடுக்காமல், உடலைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள். கேபினட்தான் வேண்டுமென்றால் அதைச் சுவருக்கு அந்தப்பக்கம் வைத்து, 5 மீட்டர் கேபிளில் மானிட்டரைக் கொண்டுவாருங்கள். அதுவும் முடியாதா? உள்ளே தள்ளும் ஃபேன் இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று என்று வையுங்கள். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் வரும், தூசி நுழையாது. மேல்பக்க வலையையும், பின்னால் தகடு இல்லாத ஸ்லாட் ஓட்டைகளையும் ஒட்டி மூடுங்கள். முன் வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். இரண்டு வடிகட்டி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது சௌகரியம். தூசி தட்டக் கைக்கடக்கமான புளோயர் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றினால் பேரிங் தேயும்.

கேள்வி: பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் லைட் வைத்த கேபினட் வாங்கலாமா?
– பள்ளி மாணவி, கோத்தகிரி

சூட்டைப் பொறுத்தவரை தடையில்லை, முன்பக்கம் வலையாக இருந்தால் சரி. மழைக்கு முந்தைய அந்திகளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் விட்டில் எல்லாம் உங்கள் கேபினட்டுக்கு வந்து சேரும். விட்டிலைத் தேடிப் பல்லி வரும். பல்லி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நுழைந்தால் இரண்டுமே பிழைக்காது. ஸ்லாட் தகடு ஒன்றைக்கூடத் திறந்து வைக்காதீர்கள், லைட்டை ராத்திரி அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஊட்டியிலிருந்து கம்ப்யூட்டரைக் கோவைக்குக் கொண்டுபோகிறேன். கீழே போனதும் எவ்வளவு நேரம் கழித்து ஆன் செய்ய வேண்டும்?
– ஐடி ஊழியர், ஊட்டி

கீழே போகும்போதுதான் கவனம் வேண்டும். மேலே ஏறும்போது இந்தக் கவலை இல்லை. விடியற்காலை 10 டிகிரியில் குளிர்ந்த இரும்பு, மேட்டுப்பாளையத்தின் வெக்கைக் காற்றில் பட்டால் குளிர்ந்த சோடா பாட்டில் மாதிரி வியர்க்கும். வீட்டிலேயே பெரிய பாலித்தீன் உறையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். கோவை போனதும் கட்டை அவிழ்க்காமல் மூன்று, நான்கு மணி நேரம் வையுங்கள்; வியர்வை உறையின் வெளிப்பக்கத்தோடு நிற்கும். கனமான கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துப் போங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அதன் எடை ஸ்லாட்டை விரிசல் விடவைக்கும்.

கேள்வி: காலையில் ஆன் செய்ததும் கிரீச் என்று சத்தம், ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பகலில் வருவதில்லை.
– வாசகர், ஊட்டி

மலிவான ஃபேன்களில் பேரிங்குக்குப் பதில் எண்ணெய் ஊறிய புஷ்தான் இருக்கும். குளிரில் எண்ணெய் இறுகி, சூடேறும் வரை கிரீச்சிடுகிறது. பக்கத் தகட்டைத் திறந்து, ஒவ்வொரு ஃபேனின் நடுக்குமிழிலும் விரலை லேசாக வைத்து ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். சத்தம் எதில் நிற்கிறதோ அதுதான். ஃப்ளூயிட் அல்லது பால் பேரிங் உள்ள ஃபேனாக மாற்றிவிடுங்கள். சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளிருந்து வந்தால் விரலை அருகில் கொண்டுபோகாதீர்கள், பிரித்து எண்ணெய் விடவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். உத்தரவாதக் காலம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் புதிது வாங்குங்கள்.